‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் சர்பாக்டன்ட் என்ற பொருளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த, துப்புரவுப் பொருள்களைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நீர்நிலைகள் கெடுவது குறித்துக் கட்டுரையாளர் கொண்டிருக்கும் கவலை எனக்கும் உண்டு. ஆனால் கட்டுரை முழுவதையும் தாங்கி நிற்கும் வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ‘சர்பாக்டன்ட் அடங்கிய ரசாயனங்களைத் தவிர்த்து, ஆர்கானிக் பொருள்களுக்கு மாற வேண்டும்’ என்கிறது அது. சோப்பிலும் சலவைத்தூளிலும் அழுக்கை அகற்றும் வேலையைச் செய்வது சர்பாக்டன்ட்தான். இன்று அந்தப் பெயரில் வழங்கும் பொருள்கள் ஏறத்தாழ அனைத்துமே ஆர்கானிக் சேர்மங்கள், அதாவது கார்பன் சேர்மங்கள்தான். மரங்களைத் தவிர்த்துத் தாவரங்களை நடுங்கள் என்று ஒருவர் சொன்னால் நாம் எப்படித் திகைப்போமோ, அப்படித்தான் அந்த வரியைப் படித்ததும் திகைத்தேன். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வேதியியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களோடு நின்றவன் என்ற முறையில், இந்த இரண்டு சொற்களுக்கும் உள்ள உறவைச் சற்று விரிவாகவே விளக்க விரும்புகிறேன்.

குழப்பத்தின் வேர் ஒரு பழைய பெயரில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெர்சிலியஸ் போன்ற வேதியியலாளர்கள், உயிருள்ளவற்றின் உறுப்புகளில் உண்டாகும் பொருள்களை மட்டும் ஆர்கானிக் என்று அழைத்தார்கள். அவற்றை உண்டாக்க உயிர்விசை ஒன்று தேவை என்றும் பலர் நம்பினார்கள். 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடரிக் வோலர் அம்மோனியம் சயனேட் என்ற உப்பைத் தயாரிக்க முயன்றபோது அவருக்குக் கிடைத்தது சிறுநீரில் காணப்படும் யூரியா. சிறுநீரகத்தின் உதவியே இல்லாமல் யூரியாவை உண்டாக்க முடிகிறது என்று அவர் பெர்சிலியசுக்குக் கடிதம் எழுதினார். அந்த நம்பிக்கை ஒரே நாளில் சரிந்துவிடவில்லை என்றாலும், அதன் பிறகு சில பத்தாண்டுகளில் ஆர்கானிக் வேதியியல் என்பது கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்று ஆயிற்று. பொருள் மாறியும் பெயர் தங்கிவிட்டது. பின்னர் 1940-களில் வேளாண்மையைப் பற்றி எழுதியவர்கள் அதே சொல்லை எடுத்து, செயற்கை உரமில்லாத சாகுபடிக்குச் சூட்டினார்கள். ஆங்கிலம் இவ்விரண்டு பொருளையும் ஒரே சொல்லில் சுமந்துகொண்டு இன்றுவரை இடர்ப்படுகிறது. தமிழுக்கு அந்த இடர்ப்பாடு தேவையே இல்லை. கரிமச் சேர்மம் என்று நாம் சொல்லும்போது கரி என்ற தனிமம் அந்தச் சொல்லுக்குள்ளேயே நிற்கிறது. சாகுபடிக்கோ இயற்கை வேளாண்மை, அங்கக வேளாண்மை என்று தனிப் பெயர்கள் இருக்கின்றன. நம் மொழி தெளிவாகப் பிரித்து வைத்திருப்பதை ‘ஆர்கானிக்’ என்று ஒலிபெயர்த்து நாமே மறுபடி கலந்துவிடுகிறோம் என்பதுதான் என் முதல் வருத்தம்.

இனி சர்பாக்டன்ட். பரப்பில் செயல்படும் பொருள் என்பது அதன் நேர்ப்பொருள். கரிமச் சேர்மம் என்பது ஒரு பொருளின் கட்டமைப்பைக் குறிக்கும் பெயர். சர்பாக்டன்ட் என்பது அந்தப் பொருள் செய்யும் வேலையைக் குறிக்கும் பெயர். கரிமச் சேர்மங்கள் எல்லாமே இந்த வேலையைச் செய்துவிடுவதில்லை. சர்க்கரை கரிமச் சேர்மம்தான், ஆனால் அது நீரில் கரைந்து நீருக்குள் பரவிவிடுகிறது. பெட்ரோலில் உள்ள ஹெக்சேனும் கரிமச் சேர்மம்தான், அதுவோ நீரோடு சேராமல் மேலே தனி அடுக்காக ஒதுங்கிவிடுகிறது. சர்பாக்டன்ட் ஆவதற்கு இந்த இரண்டு குணமும் ஒரே மூலக்கூறில், இரு வேறு முனைகளில் இருக்க வேண்டும். நீரோடு சேரும் முனையைத் தலை என்றும், நீரோடு சேராத சங்கிலியை வால் என்றும் சொல்வோம். அது எப்படி அமைகிறது என்பதைக் காட்ட நான் வகுப்பில் கையாளும் வழி, கார்பன் அணுக்களை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போவது. அசிட்டிக் அமிலத்தின் சோடியம் உப்பில் இரண்டு கார்பன். நீரில் நன்றாகக் கரையும், எவ்வளவு குலுக்கினாலும் நுரை வராது. தலைப்பகுதியை மாற்றாமல் சங்கிலியை மட்டும் நீட்டிக்கொண்டே போனால், எட்டு கார்பனை நெருங்கும்போது பரப்பில் சேரும் இயல்பு தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டுக்குள் நமக்குத் தெரிந்த சோப்பு கிடைக்கிறது. இருபதையும் தாண்டினால் சங்கிலி மிகவும் நீண்டு, குளிர்ந்த நீரில் கரைய மறுக்கிறது. தலை ஒன்றுதான், சோடியமும் ஒன்றுதான். உப்பைச் சோப்பாக்கியது கார்பன் சங்கிலியின் நீளம் மட்டுமே. இந்தச் சங்கிலியைக் கரிம வேதியியலுக்கு வெளியே எங்கும் இத்தனை எளிதாகக் கட்ட முடியாது. கார்பன் கார்பனோடு நீளமாக, உறுதியாகப் பிணைகிறது. கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பில் முனைவுத்தன்மை, அதாவது மின்சுமை ஒரு பக்கம் சாயும் தன்மை, மிகக் குறைவு; அதனால்தான் அந்தச் சங்கிலி நீரோடு சேர்வதில்லை. வால் சிலிக்கான், ஆக்சிஜன் அணுக்களால் ஆன சர்பாக்டன்ட்களும் உண்டு. ஆனால் அவற்றின் சிலிக்கான் அணுக்களிலும் ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெத்தில் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன; கரிமத்தின் துணையில்லாமல் அவையும் நிற்பதில்லை.

பாடநூல்கள் இந்த வாலை நீர் வெறுக்கும் பகுதி என்கின்றன. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது அந்தச் சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட ஹைட்ரோகார்பன் மூலக்கூறுக்கும் நீருக்கும் இடையே வெறுப்பு எதுவும் இல்லை, மெல்லிய ஈர்ப்பும்கூட உண்டு. நீர் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் கோத்துக்கொண்டிருக்கின்றன. நடுவே ஒரு கார்பன் சங்கிலி நுழைந்தால், அந்தக் கோவையை விட்டுவிடாமல் அதைச் சுற்றி ஒழுங்காக அணிவகுத்து நிற்க வேண்டிய கட்டாயம் நீருக்கு ஏற்படுகிறது. அந்த ஒழுங்குக்கு நீர் தன் சுதந்திரத்தை, அதாவது என்ட்ரோபியை, விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் வாலை வெளியே தள்ளுவது பெரும்பாலும் இந்த இழப்புதான். வால் ஓடுகிறது என்பதைவிட, நீர் தன் கூட்டத்தை மீட்டுக்கொள்கிறது என்று சொல்வதே உண்மைக்கு அருகில் வரும்.

தள்ளப்பட்ட வாலுக்கு எளிய புகலிடம் நீரின் மேற்பரப்பு. தலை நீரில் அமிழ்ந்திருக்க, வால் காற்றை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கி இறுக்கும் விசை பரப்பு இழுவிசை. 25 பாகை செல்சியசில் தூய நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். ஹெக்சேனுக்கு அது சுமார் 18. மேற்பரப்பு முழுவதையும் ஹைட்ரோகார்பன் வால்கள் மூடிவிட்டால், வெளியிலிருந்து பார்க்கும் காற்றுக்கு அது நீரைப் போல இல்லாமல் எண்ணெயைப் போலத் தோன்றத் தொடங்குகிறது, இழுவிசையும் அந்தப் பக்கம் சரிகிறது. இதைக் கண்ணால் காண விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அகன்ற தட்டில் நீரை ஊற்றி, அசைவு அடங்கியதும் முகப்பவுடரை மெல்லத் தூவி, சோப்பு நீரில் தொட்ட தீக்குச்சியின் முனையால் நடுவில் ஒரு முறை தொட வேண்டும். தூள் முழுவதும் ஒரே கணத்தில் விளிம்புக்கு விலகி, நடுவில் தெளிந்த வட்டம் பிறக்கும். இரண்டாவது முறை தொட்டால் ஏறத்தாழ எதுவும் நடக்காது, ஏனென்றால் பரப்பில் இடம் நிரம்பிவிட்டது. முதல் தொடுதலைப் பார்த்து வியக்காத மாணவரை நான் கண்டதில்லை. ஆனால் இரண்டாவது தொடுதலில் ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று கேட்பவர்களிடம்தான் நான் எப்போதும் கூடுதல் நேரம் செலவிட்டிருக்கிறேன்.

அந்தக் கேள்விக்குப் பெரிய வரலாறு உண்டு. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டன் கிளாப்ஹம் குளத்தில் ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத எண்ணெயை ஊற்றி, அரை ஏக்கர் அளவுக்கு நீர் கண்ணாடியைப் போல அமைதியானதை 1774-இல் வெளியான கட்டுரையில் விவரித்தார். ஐந்து மில்லிலிட்டர் எண்ணெயை ஏறத்தாழ இரண்டாயிரம் சதுர மீட்டரில் பரப்பினால் படலத்தின் தடிமன் இரண்டரை நானோமீட்டர் வருகிறது. பதினெட்டு கார்பன் கொண்ட ஒரு கொழுப்பு அமில மூலக்கூறின் நீளமும் அதுதான். ஃபிராங்க்ளின் அந்தக் கணக்கைப் போடவில்லை. போட்டிருந்தால், அணுக்கள் உண்டா இல்லையா என்ற விவாதம் தீரும் முன்பே ஒரு மூலக்கூறின் அளவு அவர் கையில் இருந்திருக்கும். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் அக்னஸ் பொக்கெல்ஸ் என்ற பெண், பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க வழியில்லாத நிலையில், வீட்டில் தானே அமைத்த சிறு தொட்டியில் நீர்ப்பரப்பின் இழுவிசையை அளந்துகொண்டிருந்தார். தன் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதை நேச்சர் இதழுக்கு அனுப்பிவைக்க, 1891-இல் அது அச்சாயிற்று. இந்தத் துறையின் அடித்தளங்களில் ஒன்று, இதழ் ஆசிரியரின் மேசைக்கு வந்த ஒரு கடிதம் என்பது எனக்கு இதை எழுதும் துணிவைத் தருகிறது. பொக்கெல்சின் தொட்டியை மேம்படுத்திய அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் 1917-இல் ஒரு முக்கியமான உண்மையைக் காட்டினார். கொழுப்பு அமிலத்தின் சங்கிலி நீளமாக இருந்தாலும் குட்டையாக இருந்தாலும், நெருங்கி நிற்கும்போது ஒரு மூலக்கூறு பரப்பில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ ஒன்றுதான், சுமார் 0.2 சதுர நானோமீட்டர். அப்படியானால் அவை படுத்திருக்கவில்லை, தலையை நீரில் ஊன்றி நிமிர்ந்து நிற்கின்றன. ஒரு மில்லிகிராம் ஸ்டியரிக் அமிலம் இப்படி நின்றால் 0.4 சதுர மீட்டர் நீர்ப்பரப்பை மூடிவிடும்.

பரப்பு நிறைந்த பிறகு சேர்க்கும் மூலக்கூறுகள் எங்கே போகும்? அவை நீருக்குள்ளேயே ஒன்றுகூடி, வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே நிறுத்தி உருண்டையாகின்றன. மிசெல் என்று அதற்குப் பெயர். சோப்புக் கரைசல்களில் இப்படிப்பட்ட கூட்டங்கள் இருக்க வேண்டும் என்று 1913-இல் வேதியியலாளர் மெக்பெயின் கருதினார். சோடியம் டோடெசைல் சல்பேட் என்ற, பன்னிரண்டு கார்பன் வால் கொண்ட சர்பாக்டன்டில் ஒரு மிசெலுக்கு ஏறத்தாழ அறுபது மூலக்கூறுகள் கூடுகின்றன. அதன் குறுக்களவு நான்கு நானோமீட்டரை ஒட்டியது. மிசெல் உருவாகத் தொடங்கும் செறிவு வாலின் நீளத்தைப் பொறுத்து எப்படி விழுகிறது என்பதைப் பார்த்தால் கரிமச் சங்கிலியின் ஆட்சி விளங்கும். இதே சல்பேட் தலைக்கு எட்டு கார்பன் வால் இருந்தால் லிட்டருக்குச் சுமார் 30 கிராம் கரைக்க வேண்டும். பத்து கார்பனுக்கு 9 கிராமுக்கும் குறைவு, பன்னிரண்டுக்கு 2.4 கிராம், பதினான்குக்கு 0.7 கிராம் போதும். இரண்டு கார்பன் கூடும் ஒவ்வொரு முறையும் தேவை ஏறத்தாழ கால்பங்காகிறது.

கரிமச் சேர்மங்களுக்கும் சர்பாக்டன்ட்களுக்கும் உள்ள உறவின் மற்றொரு பக்கம் இங்கேதான் திறக்கிறது. மிசெலின் உட்புறம் ஒரு துளி எண்ணெயைப் போன்றது. ஆகவே நீரில் கரையாத பிற கரிமச் சேர்மங்கள் அதற்குள் குடியேறுகின்றன. இதைக் காட்ட, நீரில் கரையாத சிவப்புச் சாயத்தின் பொடியை நீரில் போட்டு, சர்பாக்டன்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் குலுக்குவோம். முதலில் எத்தனை முறை சேர்த்தாலும் நீர் நிறமற்றே இருக்கும், பொடி அடியில் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் திரவம் இளஞ்சிவப்பாகும். அடுத்தடுத்த சேர்க்கைகளில் நிறம் ஏறிக்கொண்டே போகும். மிசெல் பிறந்த இடம் அந்த நிறம் தோன்றிய இடம்தான். துணியிலுள்ள எண்ணெய்க் கறை நீரோடு போவதற்கும், நீரில் கரையாத மருந்தை ஊசிமருந்தாக்குவதற்கும், செயற்கை ரப்பரை நீரில் பால்மமாகத் தயாரிப்பதற்கும், கரிமக் கரைப்பான்களுக்குப் பதிலாக நீரிலேயே வேதிவினைகளை நடத்த இன்று நடக்கும் முயற்சிகளுக்கும் அடிப்படை இந்த ஒரே குடியேற்றம். சர்பாக்டன்டை ஒதுக்கிவிட்டால் கரிமக் கரைப்பான்களின் பயன்பாடு கூடவே செய்யும் என்பதைக் கட்டுரையாளர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மூலம் இயற்கையானதா செயற்கையானதா என்ற கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன சோடியம் டோடெசைல் சல்பேட்டையே எடுத்துக்கொள்வோம். அதற்குத் தேவையான பன்னிரண்டு கார்பன் ஆல்கஹாலைத் தாவர எண்ணெயின் லாரிக் அமிலத்திலிருந்தும் பெறலாம், பெட்ரோலியத்திலிருந்து வரும் எத்திலீனை அடுக்கடுக்காக இணைத்தும் பெறலாம். தூய்மைப்படுத்திய பின் இரண்டு குப்பிகளிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. உருகுநிலை, கரைதிறன், நுரை, தோலின் மேல் விளைவு எதிலும் வேறுபாடு இல்லை. பிரித்தறிய ஒரு வழி உண்டு. கார்பன்-14 என்ற கதிரியக்க ஐசோடோப்பின் அரைவாழ்வுக் காலம் சுமார் 5,730 ஆண்டுகள். மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த பெட்ரோலியத்தில் அது எஞ்சியிருப்பதில்லை, அண்மையில் வளர்ந்த தாவரத்தில் இருக்கிறது. அந்த வேறுபாடு காலநிலையைப் பற்றிய கணக்குக்குத் தேவையான தகவல்தான், அதை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஆற்றில் விழுந்த பிறகு மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் அந்த மூலக்கூறு எந்தக் கிணற்றிலிருந்து, எந்த மரத்திலிருந்து வந்தது என்று தெரியாது.

பாக்டீரியாவுக்குத் தெரிவது வடிவம் மட்டுமே. இதற்கு வரலாறு தரும் சான்றை விட வலுவானதை நான் அறியேன். சாதாரணச் சோப்புக்கு ஒரு பெரிய குறை உண்டு: கடின நீரிலுள்ள கால்சியம், மக்னீசியம் அயனிகளோடு சேர்ந்து அது கரையாத வெண்படிவாகி வீணாகிறது. கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த சல்போனேட் தலை கொண்ட மூலக்கூறுகளுக்கு அந்தக் குறை வெகுவாகக் குறைவு. ஆகவே இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, நான்கு புரொப்பிலீன் மூலக்கூறுகளை இணைத்துப் பெறும் பன்னிரண்டு கார்பன் வாலைப் பென்சீன் வளையத்தில் ஒட்டி, அதைச் சல்போனேட்டாக்கி, பெருமளவில் சலவைத்தூளாக விற்றார்கள். மலிவானது, நன்றாக வெளுத்தது. சில ஆண்டுகளில் ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் ஆறுகளிலும் கழிவுநீர் நிலையங்களிலும் நுரை மலையாக எழுந்து நின்றது. கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் பாக்டீரியாக்களால் அந்த மூலக்கூறைத் தின்ன முடியவில்லை. காரணம் அதன் வாலில் இருந்தது. நேரான சங்கிலியைப் பாக்டீரியா கடைமுனையில் ஆக்சிஜனேற்றம் செய்து, பிறகு கொழுப்பு அமிலத்தை உடைப்பதைப் போலவே இரண்டிரண்டு கார்பன்களாக நறுக்கிக்கொண்டே வரும். நம் உடலும் கொழுப்பை அப்படித்தான் உடைக்கிறது. 1904-இல் ஃபிரான்ஸ் க்னூப் கண்டறிந்த வழி அது. புரொப்பிலீனால் கட்டிய வாலிலோ இடையிடையே மெத்தில் கிளைகள் துருத்திக்கொண்டிருந்தன. நறுக்க வேண்டிய இடத்தில் கிளை நின்றால் நொதி அங்கேயே தடைபடுகிறது. மேற்கு ஜெர்மனி 1961-இல் சட்டம் இயற்றி, 1964 முதல் இத்தகைய சர்பாக்டன்ட்கள் குறைந்தது 80 சதவீதம் சிதைய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் 1965-க்குள் கிளையில்லாத நேர்ச்சங்கிலி வாலுக்கு மாறினார்கள். நுரை மலைகள் வடிந்தன. முதல் மூலக்கூறும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது, அதன் இடத்தைப் பிடித்ததும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. தலையும் வளையமும் அப்படியே இருந்தன. வாலை நேராக்கியது ஒன்றுதான் மாற்றம். காற்றுப் புகாத சேற்றில் இந்த நேர்ச்சங்கிலியும் எளிதில் சிதைவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரச்சினை முழுதும் தீர்ந்துவிட்டது என்று நான் வாதிடவில்லை. எந்த இடத்தில் கையை வைத்தால் தீரும் என்பதையே காட்டுகிறேன்.

இயற்கை என்ற அடைமொழி காப்புறுதி தராது என்பதற்கும் சான்று உண்டு. பல தாவரங்களின் காய்களிலும் வேர்களிலும் சாப்போனின் என்ற இயற்கை சர்பாக்டன்ட் இருக்கிறது. சர்க்கரைத் தொகுதிகள் தலையாகவும், ஸ்டீராய்டைப் போன்ற கார்பன் வளையங்கள் வாலாகவும் அமைந்தது. அது எளிதில் மட்கும், தலைமுடிக்கும் துணிக்கும் இதமானது. அதே சாப்போனின் நீரில் கலந்தால் மீன்களுக்கு நஞ்சு. மறுபக்கம், செயற்கையில் உண்மையிலேயே அஞ்ச வேண்டியவையும் இருக்கின்றன. கிளைத்த ஒன்பது கார்பன் வால் கொண்ட நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட்டுகள் பாதி சிதைந்து நோனைல்ஃபீனாலாகி, நீர்வாழ் உயிர்களின் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போல நடிக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் அவற்றுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடமெல்லாம் புளோரின் அமர்ந்த வாலைக் கொண்ட பெர்புளோரோ சர்பாக்டன்ட்கள் இன்னும் மோசம். கார்பன்-புளோரின் பிணைப்பு மிக வலியது, அதை உடைக்கும் வழி பாக்டீரியாவிடம் ஏறத்தாழ இல்லை. அவற்றில் பெர்புளோரோ ஆக்டேன் சல்போனிக் அமிலம் 2009-இல், எளிதில் சிதையாத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதன் வால் பெரும்பாலும் நேராகத்தான் இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்: நேராக இருந்தால் போதும் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் தவறு. வேதியியலில் எந்த ஒற்றை அடைமொழியும் ஆராய்ச்சிக்கு மாற்றாகாது.

கட்டுரையில் ‘சர்பாக்டன்ட் உடலுக்குள் போனால் ஆபத்து’ என்று பொதுவாக எழுதப்பட்டிருந்த வரி என்னை அதிகம் வருத்தியது. அதை எழுதியவரும் படித்தவரும் அந்த நொடியில் மூச்சு விட்டது ஒரு சர்பாக்டன்டின் தயவால்தான். நுரையீரலின் நுண்ணறைகளின் உட்சுவரில் மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது அறை சிறுக்கிறது. சிறுக்கச் சிறுக்கப் பரப்பு இழுவிசை அதை முழுதும் மூடிவிடப் பார்க்கிறது. அதைத் தடுப்பது நுரையீரலே சுரக்கும் ஒரு கலவை. அதன் முக்கியப் பகுதி, பதினாறு கார்பன் கொண்ட இரண்டு பால்மிட்டிக் சங்கிலிகளை வாலாக உடைய ஒரு பாஸ்போலிப்பிடு, அதாவது பாஸ்பேட் தலை கொண்ட கொழுப்புப் பொருள். இரட்டைப் பிணைப்பு இல்லாத நேரான சங்கிலிகள் என்பதால் அவை நெருக்கமாக அணிவகுத்து, இழுவிசையைக் கிட்டத்தட்ட சுழிக்கே இறக்கிவிடுகின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு இது போதிய அளவு சுரந்திருக்காது. அந்தக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்குக் காரணம் இந்தக் குறைபாடே என்று 1959-இல் மேரி எலன் ஏவரியும் ஜியர் மீடும் காட்டினார்கள். 1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழுவினர் மாட்டின் நுரையீரலிலிருந்து பெற்ற சர்பாக்டன்டைக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் செலுத்திப் பலன் கண்டார்கள். 1990-இல் அமெரிக்காவில் முழுக்கச் செயற்கையான கலவை ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. விலங்கிலிருந்து பெற்றவையே பின்னர் கூடுதலாகப் பயனளித்தன. அவற்றில் இருந்த சில புரதங்கள் செயற்கைக் கலவையில் இல்லை என்பதே அதற்குக் கிடைத்த விளக்கம். இங்கும் விடை கட்டமைப்பில்தான் கிடைத்தது. சர்பாக்டன்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சும்படி ஒரு தலைமுறைப் பெற்றோரைப் பழக்கினால், பச்சிளங்குழந்தைப் பிரிவின் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்லும் நாளில் அவர்கள் எதை நினைத்துக் கலங்குவார்கள் என்பதை எண்ணிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்களிடம் என் வேண்டுகோள்கள் சில. இனிவரும் கட்டுரைகளில் வேதியியல் பொருளில் கரிமச் சேர்மம் என்றும், சாகுபடி முறையைக் குறிக்கும்போது இயற்கை வேளாண்மை என்றும் பிரித்து எழுதுங்கள். ஆர்கானிக் என்ற ஒலிபெயர்ப்பைத் தவிர்க்க முடியாத இடத்தில், எந்தப் பொருளில் என்பதை ஒரு சொல்லால் காட்டிவிடுங்கள். ஒரு துப்புரவுப் பொருளை மதிப்பிடும்போது, அதன் சர்பாக்டன்டின் பெயர், தலையின் மின்சுமை, வால் நேரானதா கிளைத்ததா, எத்தனை நாளில் எவ்வளவு சிதைகிறது என்பவற்றைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வெளியிடுங்கள். அப்படி ஒரு பட்டியலை வாசகர் புரிந்துகொள்ள மாட்டார் என்று தயங்க வேண்டாம். தட்டில் தூவிய தூள் விளிம்புக்கு ஓடுவதைப் பார்த்த பத்து வயதுச் சிறுமி தலையையும் வாலையும் அன்றே புரிந்துகொண்டதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, கட்டுரையோடு வந்த படத்தைப் பற்றி. மிசெல் என்று பெயரிட்டு வரையப்பட்டிருந்த அந்த உருண்டையில், தலைகள் நடுவில் கூடியிருக்க, வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சுற்றிலும் நீல வண்ணமிட்டு ‘நீர்’ என்று எழுதியிருந்தது. நீரில் இந்த அமைப்பு நிலைக்காது, வால்கள் உள்ளேயும் தலைகள் வெளியேயும் இருக்க வேண்டும். ஆனால் ஓவியர் வரைந்த உருவம் கற்பனையும் அல்ல. சுற்றியுள்ள திரவம் எண்ணெயாக இருந்து, அதில் சிறிதளவு நீர் கலந்தால், சில சர்பாக்டன்ட்கள் அப்படியே தலைகீழாகத் திரும்பி, அந்த நீரை நடுவில் பொதிந்து வைத்துக்கொள்ளும். ஆகவே திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் படத்தை மறுபடி வரைய வேண்டியதில்லை. ‘நீர்’ என்ற சொல்லை உருண்டையின் நடுவுக்கு நகர்த்தி, வெளியே ‘எண்ணெய்’ என்று எழுதினால் போதும்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்